புது லாரி யாருக்குக் கிடைக்கிறது?

மார்ச் 3, 2025

வந்த கேள்வியை அப்படியே தருகிறேன்: "எங்கள் நிறுவனத்தில் புதிதாக இறங்கும் லாரிகள் எல்லாம் மேலாளருக்கு வேண்டிய நான்கைந்து பேருக்கே போகின்றன. ஒழுங்காக ஓட்டினால் புது வண்டி கிடைக்கும் என்பது வெறும் பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

வெறும் பேச்சு இல்லை. ஆனால் ஒழுங்காக ஓட்டுவது என்று ஓட்டுநர் எதை நினைக்கிறாரோ அதை வண்டி ஒதுக்குகிறவர் பார்ப்பதில்லை. அவர் பார்க்க வேண்டியதையும் பல இடங்களில் பார்ப்பதில்லை. பல வருடங்கள் ஓட்டிவிட்டு இப்போது வண்டி ஒதுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும்.

புது வண்டி யாருக்கு என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எத்தனை வருடம் வேலையில் இருக்கிறார், டீசல், பிரேக், விபத்து என்று ஓட்டிய கணக்கு எப்படி, எந்த வழியில் ஓடுகிறார். முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போடுகிறோம். உண்மையில் அதிகமான வண்டிகளைப் பங்கிடுவது மூன்றாவது. தொலைதூர ஓட்டத்தில் நடுவழியில் வண்டி நின்றால் இழுவை வண்டி வர வேண்டும், மாற்று வண்டி அனுப்ப வேண்டும், சரக்கு தாமதமாகும், ஓட்டுநர் சாலையோரத்தில் இரவைக் கழிக்க வேண்டும். அதனால் நம்பகமான புது வண்டி தூரத்துக்குப் போகிறது. பழையது பணிமனையைச் சுற்றியுள்ள குறுகிய ஓட்டத்துக்கு வருகிறது. நீங்கள் "வேண்டியவர்கள்" என்று சொல்லும் அந்த நான்கைந்து பேர் எந்த வழியில் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். வாரக்கணக்கில் வீட்டுக்கு வராமல் ஓடச் சம்மதித்தவர்களாக இருக்கலாம். அப்படி இல்லையென்றால் உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

மார்ச் 4, 2025

ஒரு வண்டி இறங்கினால் ஒருவருக்குத்தான் வண்டி மாறுகிறது என்று நினைத்து எழுதுகிறார்கள். அப்படி இல்லை. புதியதை வாங்குகிறவர் விட்டுப்போன மூன்று வயது வண்டி இன்னொருவருக்கு, அவர் விட்டது அடுத்தவருக்கு என்று ஒரு சங்கிலி ஓடும். கடைசியில் இருக்கும் வண்டி விற்பனைக்குப் போகும். பெரிய நிறுவனங்கள் தொலைதூரம் ஓடும் லாரிகளைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடங்களுக்குள் மாற்றிவிடுகின்றன. உத்தரவாதம் முடியும் நேரம் அது. அதற்குப் பின் பழுதுச் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழும். விற்கும்போது கிடைக்கும் விலையும் அதற்குமேல் வேகமாகச் சரியும்.

ஆகவே "புது வண்டி" என்று கேட்பதைவிட "சங்கிலியில் என் இடம் எங்கே" என்று கேட்பது பயன் தரும். ஏழு வயது வண்டியிலிருந்து மூன்று வயது வண்டிக்கு வருவது சின்ன மாற்றம் இல்லை. பலர் இதைக் கவனிக்காமல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையையே பார்த்துக்கொண்டு வருடங்களை விடுகிறார்கள்.

அதே நாள் இரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணக்கு, வருடம் எல்லாவற்றையும்விட என் மேசையில் அதிகம் பேசுவது, ஓட்டுநர் தன் பழைய வண்டியை எந்த நிலையில் திருப்பித் தருகிறார் என்பதுதான். படிக்கட்டு வளைந்திருக்கிறதா, மட்கார்டு இருக்கிறதா, கேபினுக்குள் என்ன வாசனை வருகிறது, டயரின் உள்பக்கம் ஒருதலையாகத் தேய்ந்திருப்பதை யாராவது எழுதித் தந்தார்களா. அரை மணி நேரத்தில் அந்த மனிதரின் சில வருட உழைப்பு தெரிந்துவிடும். இதற்கு மதிப்பெண் போட எந்தக் கருவியும் இல்லை.

மார்ச் 7, 2025

டீசல் கணக்கு பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூவரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது.

ஐரோப்பிய லாரித் தயாரிப்பாளர்கள் 2002-இல் எஃப்.எம்.எஸ். என்ற பொதுத் தரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் செலவான எரிபொருள், எஞ்சின் சுழற்சி, வேகம், பிரேக் மிதித்தது எல்லாவற்றையும் ஒரே மாதிரியாக வெளியிலிருந்து படிக்க முடிந்தது. அதுவரை டீசல் கணக்கு என்பது நிரப்பிய ரசீதும் கிலோமீட்டரும்தான். இப்போது மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் வருகிறது. அதை வைத்து வண்டி ஒதுக்குகிறார்கள். எண் வந்துவிட்டதால் நியாயமும் வந்துவிட்டது என்று மேலாளர்கள் நம்புகிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே ஓட்டுநர், ஒரே வண்டி, ஒரே வழி. டயரை மட்டும் மாற்றுங்கள். புது டயரின் தடித்த ரப்பர் உருளும்போது அதிக சக்தியை விழுங்கும். தேயத் தேயத்தான் லேசாக உருளும். அதாவது புது டயர் போட்ட மாதம் உங்கள் மதிப்பெண் குறையும். டயரைத் தேய்மானத்தின் விளிம்புவரை ஓட்டுகிறவருக்கு மதிப்பெண் ஏறும். குளிர்காலத்தில் காற்று அடர்த்தியாகிறது, எதிர்ப்பு கூடுகிறது. எதிர்க்காற்று வீசும் திசையில் பாரத்தோடு போய்த் திரும்பும்போது காலியாக வருகிறவரையும், அதற்கு நேர்மாறாக ஓடுகிறவரையும் ஒரே பட்டியலில் வைக்கிறார்கள். நிறையப் பாரம் ஏற்றினால் கிலோமீட்டருக்கு ஆகும் டீசல் கூடும், ஒரு டன்னுக்கு ஆகும் டீசல் குறையும். நிறுவனத்துக்கு லாபம் தருவது இரண்டாவது. ஓட்டுநர் தண்டிக்கப்படுவது முதலாவதற்காக.

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதற்கும் மதிப்பெண் வெட்டுகிறார்கள். கனரக டீசல் எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்குச் சுமார் மூன்று லிட்டர் குடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சரக்கு இறக்கும் இடத்தில் அரை நாள் வரிசையில் நிற்க வைத்தது யார்? வெயிலில் கொதிக்கும் கேபினில் ஓய்வெடுக்கச் சொன்னது யார்? எஞ்சினை அணைத்தாலும் ஓடும் குளிர்சாதனத்தைப் பொருத்தித் தந்துவிட்டு அப்புறம் அந்த மதிப்பெண்ணை வெட்டட்டும்.

திடீர் பிரேக் கணக்கு இன்னும் மோசம். சாலையில் குழந்தை ஓடிவந்ததால் பிரேக்கை அழுத்தி மிதித்து உயிர் காத்தவருக்கு ஒரு கழித்தல். முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டு, அதிர்ஷ்டத்தால் தப்பிக்கிறவருக்குக் கழித்தலே இல்லை.

வேகத்துக்கு மட்டும் நான் பரிந்து பேச மாட்டேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 90-க்குப் போனால் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் கூடும். அது ஓட்டுநரின் காலில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து வண்டி ஒதுக்கினால் எனக்கு மறுப்பில்லை.

மார்ச் 8, 2025

"கியரைக் கணினி போடுகிறது, மேட்டையும் இறக்கத்தையும் கணினியே படிக்கிறது, இனி நல்ல ஓட்டுநருக்கும் சாதாரண ஓட்டுநருக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருவர்.

பாதி சரி. வால்வோ தன் ஐ-ஷிஃப்ட் கியர்பெட்டியை 2001-இல் கொண்டுவந்தது. கிளட்ச் மிதி இல்லாத அந்த வகைக் கியர்பெட்டி பின்னர் எல்லாத் தயாரிப்பிலும் பரவியது. கியர் தப்பாகப் போட்டு டீசலைக் கொட்டுவது அதோடு குறைந்துவிட்டது. வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கருவி வரைபடத்தையும் பார்த்து ஓடத் தொடங்கியபின், மேட்டின் உச்சிக்குச் சற்று முன்பே காலை எடுக்கும் பழைய கைத்திறனும் கணினிக்குப் போய்விட்டது.

ஆனால் கணினிக்கு மேடு தெரியும், மனிதர் தெரியாது. இடது பக்கச் சந்தில் நிற்கும் கார் இன்னும் மூன்று விநாடியில் குறுக்கே வரும் என்பது அதன் முன்சக்கரம் லேசாகத் திரும்பியிருப்பதைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் முன்னதாகவே காலை எடுத்துவிடுவார். பிரேக் தேவைப்படாது. ஆகவே கருவியில் எதுவும் பதிவாகாது. நல்ல ஓட்டுநரின் வேலையில் பெரும்பகுதி இப்படி நடக்காமல் போனவற்றால் ஆனது.

எப்படி ஒப்பிடுவது நியாயம் என்று கேட்டால்: ஒரே வழி, ஏறத்தாழ ஒரே பாரம், ஒரே வகை வண்டி, ஒரு முழுப் பருவம். இது கிடைக்காவிட்டால் ஓட்டுநரை அவருடைய கடந்த வருடத்தோடு ஒப்பிடுங்கள். பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள்.

மார்ச் 12, 2025

சரி, மதிப்பெண் வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி கொடுத்துவிடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். வரிசையை யாரும் திருத்த முடியாது, மேலாளரின் முகம் பார்க்க வேண்டியதில்லை, எப்போது முறை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பலமான தொழிற்சங்கம் இருக்கும் இடங்களில் வண்டியும் வழியும் இப்படித்தான் பங்கிடப்படுகின்றன.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் கனரக லாரிகளில் 2015 நவம்பர் முதல் தானாகப் பிரேக் பிடிக்கும் அவசர அமைப்பு கட்டாயம். 2024 ஜூலை முதல் பக்கவாட்டு மறைபகுதியில் சைக்கிளோ ஆளோ இருந்தால் எச்சரிக்கும் கருவியும், ஓட்டுநரின் சோர்வைக் கண்டு எச்சரிக்கும் கருவியும் அப்படியே. பழைய வண்டியில் இவை இல்லை. வரிசைப்படி கொடுத்தால் என்ன ஆகிறது? முப்பது வருடம் ஓட்டிய கைக்கு எல்லாப் பாதுகாப்பும் உள்ள வண்டி. உரிமம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பையனுக்கு எதுவும் இல்லாத வண்டி. விபத்துக்கு அதிக வாய்ப்புள்ளவரிடம் பாதுகாப்புக் குறைந்ததைக் கொடுக்கிறோம்.

இதை ஒரு மூத்த ஓட்டுநரிடம் சொன்னேன். "நான் அந்த ஓட்டை வண்டிகளில் பத்து வருடம் முதுகை ஒடித்துக்கொண்டதற்கு இதுதான் பதிலா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவருடைய முதுகுக்கு நல்ல இருக்கை தேவை. பையனுக்கு நல்ல பிரேக் தேவை. இரண்டும் ஒரே வண்டியில் வருவதுதான் சிக்கல். புதியவர்களைப் பழைய வண்டிகளிலேயே மிகப் பழையதில் ஏற்றக் கூடாது, நடுத்தர வயது வண்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுவரை எனக்கு உறுதி. அதற்குமேல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 15, 2025

"வண்டியோடு மனம் ஒட்டிவிடுகிறது, கொடுக்கச் சொன்னால் அழுகை வருகிறது, இது எனக்கு மட்டும்தானா?" என்று ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெட்கப்பட ஒன்றும் இல்லை தம்பி.

நான் நெடுங்காலம் ஓட்டிய ஒரு வண்டி இருந்தது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று என் இடது காலுக்குத் தெரியும், நான் யோசிக்கவே வேண்டாம். காலையில் பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தே எந்தப் பக்கக் குழாய் கசியத் தொடங்கியிருக்கிறது என்று சொல்வேன். இரண்டாவது கியரில் ஒரு முனகல் வரும். அது நோய் இல்லை, அதன் குரல். என்றைக்கு அந்த முனகல் மாறியதோ அன்றைக்குப் பட்டறைக்குக் கொண்டுபோனேன், பேரிங் போகும் முன்பே மாற்றினார்கள். வண்டி என் பெயரில் இல்லை. ஆனாலும் மழை நாளில் அதை எங்கே நிறுத்துவது என்று என் சொந்த வீட்டைப் பற்றி யோசித்ததைவிட அதிகம் யோசித்திருக்கிறேன்.

புது வண்டி தந்தார்கள். எல்லாரும் வாழ்த்தினார்கள். எனக்கு முதல் சில வாரங்கள் அந்நியர் வீட்டில் தூங்குவது போலிருந்தது. பழையதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து வாகன நிறுத்தத்தில் பார்த்தேன். இடது படிக்கட்டு நசுங்கி, முன்கண்ணாடியில் விரிசலோடு, கேபின் முழுக்கக் குப்பையாகக் கிடந்தது. எனக்கு வந்தது சோகம் இல்லை, கோபம். இன்றும் அந்தக் கோபம் சரியென்றே நினைக்கிறேன்.

நிறுவனங்கள் இந்தப் பற்றைக் கொண்டு நன்றாகவே சம்பாதிக்கின்றன. சொந்தக் கையால் பல்பு மாற்றுகிறவர், விடுமுறை நாளில் வந்து கிரீஸ் அடிக்கிறவர், இவர்களால் பட்டறைச் செலவு எவ்வளவு குறைகிறது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் வண்டியை மாற்றும்போது மட்டும் "சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்று ஒரு வரிச் செய்தி. ஒரு வாரம் முன்பே சொன்னால் என்ன? யாருக்குப் போகிறது என்று சொல்லி, பழைய ஓட்டுநரையும் புதியவரையும் ஒருமுறை சேர்ந்து ஓடவிட்டால் என்ன? அந்த வண்டியின் குணம் எல்லாம் ஒரே பயணத்தில் கைமாறிவிடும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதற்குச் செலவே இல்லை.

மார்ச் 16, 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சியாக, நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர்களுக்குப் புது வண்டியைவிடத் தன் வண்டி வேண்டும். வேறு யாரும் உட்காராத இருக்கை, வேறு யாரும் படுக்காத படுக்கை.

இரண்டு மூன்று பேர் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டும் முறைக்குக் காரணம் புரிகிறது. நிற்கும் வண்டி சம்பாதிப்பதில்லை, ஆனால் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய விதிப்படி ஒருவர் ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் ஓட்டலாம். அமெரிக்காவில் 11 மணி நேரம். மீதி நேரமும் வண்டி ஓட வேண்டுமென்றால் இன்னொருவர் ஏற வேண்டும்.

ஆனால் விலை கொடுப்பது உடம்பு. காற்றடித்த இருக்கையை ஓட்டுநரின் எடைக்கும் உயரத்துக்கும் சரியாக வைத்தால்தான் அது அதிர்வை வாங்கும். தவறாக வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் இடித்து, அதிர்வைக் கூட்டித் தரும். முழு உடல் அதிர்வுக்கு ஐரோப்பாவில் 2002-இல் ஓர் உத்தரவே போட்டார்கள்: எட்டு மணி நேரச் சராசரி 0.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 தாண்டவே கூடாது. முதுகுவலி ஓட்டுநரின் தலையெழுத்து என்று பேசிக்கொண்டிருந்ததை எண்ணாக்கிய சட்டம் அது. தினமும் ஆள் மாறும் இருக்கையை, கிளம்பும் அவசரத்தில் யார் நிதானமாகச் சரிசெய்கிறார்கள்?

பழுதும் அப்படித்தான். ஒருவரே ஓட்டும் வண்டியில் கீறல் விழுந்தால் விழுந்த நாள் தெரியும். மூவர் ஓட்டும் வண்டியில் "நான் எடுக்கும்போதே இருந்தது" என்பதுதான் மூவரின் பதிலும். எழுதுவதில்லை, சரிசெய்வதில்லை, கடைசியில் சின்ன ஏர் கசிவு சாலையில் வண்டியை நிறுத்துகிறது. பகிர்ந்து ஓட்டுவதால் மிச்சம் பிடித்தது பட்டறையில் போய்விடுகிறது.

புதிய, ஆனால் பகிர்ந்து ஓட்ட வேண்டிய வண்டி. நான்கு வயதான, ஆனால் எனக்கு மட்டுமான வண்டி. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைக் கேட்பேன். என் மேசைக்கு வரும் ஓட்டுநர்களிடம் கேட்கிறேன், பெரும்பாலோர் அதையே சொல்கிறார்கள்.

மார்ச் 17, 2025

இல்லை, அப்படிச் சொல்பவர்கள் மூத்தவர்கள்தான், இளையவர்களுக்குப் புதியதுதான் வேண்டும் என்று ஒருவர். இருக்கலாம். இரவில் வண்டியிலேயே தூங்குகிறவர்களுக்கும் மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன். வயதைவிட அதுதான் முக்கியம்.

மார்ச் 20, 2025

புது வண்டி கிடைத்தபின் ஏமாந்தவர்களும் எழுதுகிறார்கள்.

கோடு தாண்டினால் ஒலி, முன்வண்டியை நெருங்கினால் ஒலி, கண் அசந்தால் ஒலி. எது ஆபத்து, எது வெறும் தொல்லை என்று காது பிரித்தறியாமல் போய்விடுகிறது. புகைவடிகட்டி அடுத்த தொல்லை. அதில் சேரும் கரியைச் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் துப்புரவாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடினால் தானாக நடக்கும். நின்று நின்று ஓடும் குறுகிய ஓட்டத்தில் பாதியில் அறுந்துபோகும், அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், எஞ்சின் வலு குறையும். புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசலும் அப்படி: 32.5 சதவீதக் கரைசல், மைனஸ் 11 டிகிரியில் உறையும், தீர்ந்துபோனால் வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கும். குறுகிய ஓட்டக்காரருக்குப் புது வண்டி வரமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

இதில் பேசப்படாத வேதனை ஒன்று உண்டு. பழைய வண்டியில் சாலையோரம் நின்றால் ஸ்பானரோடு இறங்கிப் பாதி நேரம் நானே கிளப்பிவிடுவேன். புது வண்டியில் கைகட்டி நின்று, மடிக்கணினியோடு ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வண்டியைத் தெரிந்தவர் என்ற மதிப்பு ஓட்டுநரிடமிருந்து போய்விட்டது. சம்பளத்தில் தெரியாத இழப்பு அது.

இருந்தும் ரிட்டார்டர் என்ற துணைப் பிரேக் வைத்த வண்டியில் பாரத்தோடு நீண்ட மலைச்சரிவில் ஒருமுறை இறங்கியவர் திரும்பிப் போக மாட்டார். சக்கரப் பிரேக்கைத் தொடாமலே வேகம் கட்டுக்குள் நிற்கும், பிரேக் குளிர்ந்தே இருக்கும். லைனிங் எரியும் வாசனையோடு, அடுத்த வளைவில் பிரேக் பிடிக்குமா என்ற நினைப்போடு இறங்கிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அந்த ஒன்றுக்காகவே மற்ற எல்லா ஒலியையும் பொறுத்துக்கொள்வேன்.

மார்ச் 22, 2025

பேச்சு கேபினுக்குப் போய்விட்டது, போகட்டும்.

நிமிர்ந்து நிற்க முடிகிற கேபின் ஓட்டுநரின் வாழ்க்கையை மாற்றியது. வால்வோ உயர்கூரை குளோப்டிராட்டர் கேபினை 1979-இல் கொண்டுவந்தது. ரெனோ 1990-இல் ஏ.இ. மேக்னமில் எஞ்சினை முழுவதும் கேபினுக்குக் கீழே தள்ளித் தரையைச் சமமாக்கியது. அதுவரை இரண்டு இருக்கைக்கு நடுவே ஒரு மேடு. அதன்மேல் ஏறித்தான் படுக்கைக்குப் போக வேண்டும். குனிந்துகொண்டே கால்சட்டை மாட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஸ்கேனியா வி8 பற்றிக் கேட்டவருக்கு: 1969-இல் வந்தது, 14.2 லிட்டர், 350 குதிரைத்திறன், அன்றைக்கு அது பெரிய எண். இன்றும் அந்த எஞ்சினின் சத்தத்துக்காகவே வேலை மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கேட்கப்போகும் சத்தம், பிடித்ததாக இருக்கட்டுமே.

லாரியை வாங்குகிறவர் அதில் தூங்குவதில்லை. அதனால் கேபின் எப்போதும் கடைசியாகத்தான் யோசிக்கப்பட்டது. ஓட்டுநர் கிடைக்காமல் திண்டாடும்போது மட்டும் உயர்ந்த கேபின், நல்ல படுக்கை என்று கேட்டு வாங்குகிறார்கள்.

மார்ச் 29, 2025

"நிறுவனமே புது லாரியைக் குத்தகைக்குத் தருகிறது, வாராவாரம் சம்பளத்தில் பிடிப்பார்கள், கடைசியில் வண்டி எனக்கே சொந்தம் என்கிறார்கள். சேரலாமா?"

சேராதீர்கள். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வண்டியைத் தருகிறவரும் சரக்கைத் தருகிறவரும் ஒருவரே என்றால் கடிவாளம் முழுவதும் அவர் கையில். சரக்கைக் குறைத்தால் உங்கள் வருமானம் குறையும், தவணை குறையாது. டீசல், டயர், பழுது, காப்பீடு எல்லாம் உங்கள் பக்கம். தவணை தவறினால் அதுவரை கட்டியதும் போகும், வண்டியும் போகும். அடுத்தவருக்கு அதே வண்டியை மறுபடி கொடுப்பார்கள். அமெரிக்காவில் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி இதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். இந்த வகைக் குத்தகைத் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்றே அது 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. திருத்திச் சரிசெய்யலாம் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை.

சொந்த வண்டி ஆசை தப்பில்லை. வங்கியில் கடன் வாங்கி, யாரிடம் வேண்டுமானாலும் சரக்கு எடுக்கும் உரிமையோடு, பழையதாக இருந்தாலும் உங்கள் பெயரில் ஒன்றை வாங்குங்கள். வண்டி மீதுள்ள பற்றைத் தூண்டிலாக்குகிறவர்களிடம் போகாதீர்கள்.

ஏப்ரல் 2, 2025

விபத்து. ஒதுக்கீட்டில் எல்லாவற்றையும் அடித்துப்போடுவது இந்த ஒரு வரிதான்: "தவிர்த்திருக்கக்கூடியது." விபத்துத் தடுப்புக்கான அமெரிக்க அமைப்பான தேசியப் பாதுகாப்பு மன்றம் (National Safety Council) விபத்தில்லாமல் பத்து லட்சம் மைல் ஓட்டியவர்களுக்கு விருது தருகிறது. அங்கும் கணக்கில் வருவது தவிர்த்திருக்கக்கூடிய விபத்துதான். அதைத் தவிர்க்க ஓட்டுநர் நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தாரா என்பதுதான் கேள்வி. சட்டப்படி தவறு எதிராளியுடையது என்றாலும் நீங்கள் தவிர்த்திருக்கலாம் என்றால் அது உங்கள் கணக்கில் விழும்.

கொள்கை சரி. முடிவு செய்வது யார் என்பதில்தான் தகராறு. வெளிச்சமில்லாத குறுகிய வளாகத்தில், வழிகாட்ட ஆளே இல்லாமல், பின்னோக்கி எடுக்கும்போது சுவரில் உரசியதை, அந்த வளாகத்தையே பார்த்திராத ஒருவர் மேசையில் உட்கார்ந்து "தவிர்த்திருக்கலாம்" என்று எழுதுகிறார். புது வண்டி இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. அடுத்த முறை அந்த ஓட்டுநர் கீறலை மறைப்பார். எங்கள் இடத்தில் இந்த முடிவை எடுக்கும் மூவரில் ஒருவர் ஓட்டுகிறவராக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். தானாக முன்வந்து சொன்ன சிறு சேதத்தை ஒதுக்கீட்டில் கணக்கிடுவதில்லை என்றும் எழுதி வைத்தோம். அதன்பின் சிறு பழுதுகள் முன்பைவிட அதிகமாக எழுத்தில் வருகின்றன. சேதம் கூடிவிட்டதாக நிர்வாகம் முதலில் பயந்தது. கூடவில்லை, வெளியே தெரிகிறது.

ஏப்ரல் 6, 2025

மேலாளரிடம் எப்படிக் கேட்பது என்று சிலர். "எனக்கு எப்போது புது வண்டி?" என்று கேட்காதீர்கள், அதற்குச் சிரிப்புதான் பதிலாக வரும். எதைப் பார்த்து ஒதுக்குகிறீர்கள், அதில் நான் எங்கே இருக்கிறேன், அடுத்த வண்டிகள் எப்போது இறங்குகின்றன என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அங்கே விதி இல்லை என்று அர்த்தம். வேறு இடம் பார்க்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

அதுவரை இருக்கும் வண்டியின் குறைகளைத் தினமும் தேதியோடு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கும் நாளில் நான்கு பக்கமும், படிக்கட்டு, கண்ணாடி, எல்லா டயரின் உள்பக்கம், கிலோமீட்டர் முள் எல்லாவற்றையும் படமெடுங்கள். திருப்பித் தரும் நாளிலும் அதே வரிசையில் எடுங்கள். இருக்கையின் காற்றுத் திண்டு கசிந்தால் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை, பழகிவிடுகிறார்கள். அதையும் எழுதுங்கள். பட்டறையில் ஒரு மணி நேர வேலைகூட இல்லை.